வீட்டுக்காரருக்கு வெளியே தொடர்பு: ஜீவனாம்சத்தில், சொத்தில் அது கணக்குக்கு வருமா?

நொய்யல்கரை:

வணக்கம்ங்க. திருப்பூரில் இருந்து எழுதுகிறேன். வயது 43, கல்யாணமாகி 19 வருஷம். பெண் பிளஸ் டூ, பையன் எட்டாவது. வீட்டுக்காரர் நிட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறார், சொந்தமாக ஆறு மெஷின். கம்பெனிக் கணக்கு 11 வருஷமாக என் கையில்தான். சம்பளம் என்று ஒரு ரூபாய் வாங்கியதில்லை.

எனக்கு விஷயத்தை முதலில் சொன்னது ஒரு கரண்ட் பில். வீட்டுக்கும் கம்பெனிக்கும் பில் கட்டுவது நான் என்பதால் இரண்டு இணைப்பு எண்ணும் மனப்பாடம். போன ஆவணியில் அவர் போனை சார்ஜில் போடப் போனபோது, மின்வாரியத்தில் இருந்து ஒரு குறுஞ்செய்தி கிடந்தது. 1,140 ரூபாய் கட்டியதாக இருந்தது. எண் எங்களுடையது இல்லை. அதையே நூல் பிடித்துப் போனேன். அவிநாசிப் பக்கம் ஒரு வாடகை வீடு. அங்கே ஒரு பெண் இருக்கிறார். அவரைப் பற்றி இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

எனக்குப் பொறுக்காதது இதுதான். அந்த வீட்டு வாடகை மாதம் 9,500 ரூபாய், ஐந்தாம் தேதி ஆனால் கம்பெனிக் கணக்கில் இருந்து போய்விடும். கேட்டதற்கு "நூல் குடோன் வாடகை" என்றார். அதை நம்பி இரண்டரை வருஷம் நானே என் கையெழுத்தில் பேரேட்டில் "குடோன் வாடகை" என்று எழுதி வந்திருக்கிறேன்.

இப்போது அவர் பரஸ்பர சம்மதம் என்று பேசுகிறார். 15 லட்சம் ஒரே தடவையாகத் தருவாராம், அதன் பிறகு எதிலும் உரிமை கோரமாட்டேன் என்று எழுதித் தர வேண்டுமாம். நாங்கள் இருக்கும் வீடு அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. 2009இல் இடம் வாங்கியபோது, அம்மா போட்ட 40 பவுனில் 32 பவுனை விற்றுத்தான் பாதிப் பணம் கட்டினோம். "ரெண்டு பேர் பேர்ல போட்டா லோன் இழுத்தடிக்கும்" என்றார், சரி என்று விட்டுவிட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான். தப்பு அவர் பக்கம் என்று நிரூபித்தால் ஜீவனாம்சம் கூடுமா? வீட்டில் எனக்குப் பாதி வருமா? "கோர்ட்டுக்குப் போனா உன் மேலயும் நாலு பேச்சு வரும்" என்று நாத்தனார் சொல்லிவிட்டுப் போனதில் இருந்து ராத்திரி தூக்கமே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்க.

திருவானைக்கா மல்லி:

தங்கச்சி, நான் இந்த வழியாக நடந்து வந்தவள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஊர் முன்னால், கோர்ட் முன்னால், அவர் செய்தது நிரூபணம் ஆக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில்தான் நான் கேஸ் போட்டேன். அந்தப் பெண்ணை இரண்டாம் எதிர்மனுதாரராகச் சேர்த்தோம். கும்பகோணத்தில் அவர்கள் தங்கிய லாட்ஜின் பதிவேடு வேண்டும் என்று மனு. பதிவேட்டைக் கொண்டுவர வேண்டியவர் நாலு வாய்தாவுக்கு வரவில்லை. பிறகு என்னைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை. ஒன்றரை மணி நேரம். என் படுக்கையறையைப் பற்றி ஒரு வக்கீல் கேள்வி கேட்கிறார், என் அப்பா பின்பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. மொத்தம் மூன்று வருஷம் நாலு மாசம்.

நிரூபணம் ஆனது. தகாத உறவு இருந்தது என்று தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறது. அதைக் காரணமாக வைத்தே விவாகரத்தும் கிடைத்தது. அடுத்து ஜீவனாம்சம். அதற்கு நீதிபதி எடுத்துப் பார்த்தது அவருடைய சம்பளச் சீட்டு, வீட்டுக் கடன் தவணை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், எனக்கு வேலை இருக்கிறதா என்பது, இவ்வளவுதான். கையில் வாங்கும் சம்பளம் 56,000, எனக்கு மாதம் 14,000. மூன்று வருஷம் நான் சேர்த்த போட்டோவும் சாட்சியும் அந்தத் தொகையில் ஒரு நூறு ரூபாயைக்கூடக் கூட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த மூன்று வருஷத்தை அவருடைய பணம் எங்கே இருக்கிறது என்று தேடுவதில் செலவழித்திருக்க வேண்டும். அவர் பெயரில் இரண்டு சீட்டு ஓடியது எனக்குத் தெரியும். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. கோர்ட்டில் "அப்படி எதுவும் இல்லை" என்றார், அதோடு முடிந்தது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி எனக்குத் தேவைப்பட்டது. தீர்ப்பின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து பீரோவில் வைத்திருக்கிறேன். பணத்துக்காகச் செய்வது ஒன்று, மனசுக்காகச் செய்வது வேறொன்று. எது எதற்காக என்று முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்கு. நான் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டேன்.

வழக்குமேசை:

கோவை, திருப்பூர் குடும்ப நல நீதிமன்றங்களில் வழக்கு நடத்துகிறேன். நீங்கள் இந்து திருமணச் சட்டத்தின்படி திருமணம் செய்தவர் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஜீவனாம்சத்தை முதலில் பார்ப்போம். 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில் 13ஆம் பிரிவு, மண உறவுக்கு வெளியே ஒரு தடவை உறவு கொண்டிருந்தாலும் அதை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கிறது. விவாகரத்து கிடைக்குமா என்ற கேள்விக்கு அது போதும். நிரந்தர ஜீவனாம்சம் 25ஆம் பிரிவில் வருகிறது. அதன்படி நீதிமன்றம் பார்க்க வேண்டியவை இருவரின் வருமானம், இருவரின் சொத்து, இருவரின் நடத்தை, மற்ற சூழ்நிலைகள். நடத்தை என்ற சொல் அங்கே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஜீவனாம்சம் தண்டனைத் தொகை அல்ல. தப்பு செய்தவருக்கு இவ்வளவு அபராதம் என்று எந்த நீதிபதியும் கணக்குப் போடுவதில்லை. திருவானைக்கா அம்மா சொன்ன 14,000 எப்படி வந்திருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது. கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதைக் கீழ் நீதிமன்றங்கள் ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்கின்றன. அது கட்டாய விதி இல்லை. கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம்.

அப்படியானால் அவர் செய்த துரோகத்துக்குப் பணக் கணக்கில் மதிப்பே இல்லையா? இருக்கிறது, நீங்கள் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். மூன்று இடங்களில் அது உங்களுக்கு உதவும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவாகிவிட்டது. அதன்கீழ் ஜீவனாம்சம் கேட்கும்போது கணவர் தரப்பு வழக்கமாகச் சொல்வது, "வீட்டுக்கு வந்து சேர்ந்து வாழட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்." கணவர் வேறொரு பெண்ணை வைத்திருந்தால், அவரோடு வாழ மறுக்க மனைவிக்கு அதுவே நியாயமான காரணம் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பேச்சு அங்கே எடுபடாது.

அடுத்தது உங்கள் பேரேடு. உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பேன். கம்பெனிப் பணத்தில் இன்னொரு வீட்டுக்கு மாதம் 9,500 வாடகை கட்ட முடிகிற ஒருவர், நாளைக்கு நீதிமன்றத்தில் "தொழில் நஷ்டம், மாதம் 20,000தான் வருகிறது" என்று பிரமாணப் பத்திரம் போட்டால் அதை உடைக்க அந்தப் பக்கங்கள் போதும். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். பொய் சொன்னால் அதற்குத் தனி நடவடிக்கை உண்டு. மனு போட்ட தேதியில் இருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் வந்தது. அதனால் யோசித்துக்கொண்டே மாதங்களைக் கழிக்காதீர்கள். பேரேட்டையும் வங்கிக் கணக்கு நகலையும் ஜிஎஸ்டி தாக்கல் விவரத்தையும் இன்றைக்கே படமெடுத்து வெளியில் ஓரிடத்தில் வையுங்கள். கணக்கு உங்கள் கையில் இருப்பது நாளைக்கும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005. அடித்தால்தான் வன்முறை என்று பலர் நினைக்கிறார்கள். குடும்பச் செலவுக்கான பணத்தை நிறுத்துவது, சீதனத்தைப் பிடித்து வைப்பது, சொத்தைக் கைமாற்றுவது எல்லாமே அந்தச் சட்டத்தில் பொருளாதார வன்முறை. குடியிருக்கும் வீட்டை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ கூடாது என்று 19ஆம் பிரிவில் உத்தரவு வாங்கலாம்.

இனி வீடு. இதைக் கேட்டால் வருத்தமாகத்தான் இருக்கும். சில நாடுகளைப் போலக் கணவன் மனைவி சொத்தை விவாகரத்தில் இரண்டாகப் பிரிக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. கோவாவில் மட்டும் போர்ச்சுகீசியர் காலத்துச் சிவில் சட்டம் வழியாக அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. மற்ற இடங்களில் பத்திரத்தில் யார் பெயரோ அவர் சொத்துதான். கணவர் உத்தமராக இருந்தாலும் துரோகம் செய்தாலும் அது மாறாது. ஆனால் இரண்டு வாசல் திறந்திருக்கிறது.

ஒன்று சீதனம். அம்மா போட்ட நகை முழுக்க முழுக்க உங்களுடையது. கணவர் அவசரத்துக்கு அதைப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. கேரளத்துத் தம்பதி வழக்கு அது, 89 பவுன். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். உங்கள் 32 பவுனுக்கு இன்றைய மதிப்பைப் போட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் 15 லட்சத்தில் ஜீவனாம்சம் எவ்வளவு, உங்கள் நகைக் கடன் எவ்வளவு என்பது அப்போது புரியும்.

இரண்டாவது, பங்களிப்பு. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சவுதியில் சம்பாதித்து அனுப்ப மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் வழக்கில், வீட்டு வேலையும் சொத்து சேர்ப்பதில் பங்களிப்புதான், மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதைக் காட்டிக் கேட்கலாம். நீங்கள் வீட்டு வேலையோடு நிற்காமல் 11 வருஷம் கம்பெனிக் கணக்கும் எழுதியவர். நிச்சயம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். கேட்காமல் விடவும் விட மாட்டேன்.

நாத்தனார் சொன்னதற்கு வருகிறேன். ஆதாரமில்லாமல் மனைவியின் ஒழுக்கத்தைப் பற்றி எதிர்மனுவில் எழுதினால் அதுவே மனரீதியான கொடுமை என்று 2003இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எழுதட்டும், அது அவர்களுக்கே வினையாகும். அதே அளவுகோல் நமக்கும் பொருந்தும் என்பதால், அந்தப் பெண்ணின் பெயரை மனுவில் சேர்ப்பதற்கு முன் ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

தாமிரபரணி77:

அக்கா, நான் மறுகரையில் நிற்கிறவன். என் வீட்டில் மனைவி பக்கம் நடந்தது. ஆண்கள் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

தப்பு செய்தவளுக்கு ஒரு பைசா தர வேண்டியதில்லை என்று என் நண்பர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். 125ஆம் பிரிவில் அப்படி ஒரு வரி இருப்பது உண்மைதான், ஆனால் அங்கே சொல்லியிருப்பது "தகாத உறவில் வாழ்ந்துகொண்டிருக்கும்" மனைவியைப் பற்றி. எப்போதோ நடந்து முடிந்தது அதில் அடங்காது. தொடர்ந்து அப்படி வாழ்கிறார் என்று நான்தான் காட்ட வேண்டும். என்னிடம் இருந்தது எட்டு மாதத்துக்கு முந்தைய வாட்ஸாப் உரையாடல். வழக்கு நடக்கும்போதே இடைக்காலமாக அவளுக்கு மாதம் 6,000, மகளுக்கு 5,000 என்று உத்தரவாகிவிட்டது. நெல்லையில் கோர்ட் வாசலில் நின்று அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கடைசியில் தகாத உறவுக் காரணத்தில்தான் விவாகரத்து கிடைத்தது. நிரந்தர ஜீவனாம்சம் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவள் நடத்தையும் ஒரு காரணம், தனியார் பள்ளியில் அவள் வாங்கிய 18,000 சம்பளமும் ஒரு காரணம். மகளுக்கான தொகை மட்டும் தொடர்கிறது. அதைக் கொடுப்பதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை, அவள் என் பிள்ளை.

சொத்தில் என்ன ஆனது என்றால், ஃபிளாட் இருவர் பெயரில். தவணை முழுக்க நான் கட்டியது. அவள் செய்ததைக் காட்டி அவள் பாதியைப் பிடுங்க முடியாது என்று வக்கீல் முதல் நாளே சொன்னார். 6 லட்சம் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினேன். அவளுடைய 22 பவுனையும் எடை போட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். தராசில் அவளுடைய தாலிச் செயினை வைத்தபோது இருவருமே பேசவில்லை.

வக்கீல் சாரிடம் ஒரு கேள்வி. போனில் இருந்து எடுத்த ஆதாரம் செல்லுமா செல்லாதா? என் வழக்கில் அதற்கே ஒரு வருஷம் வாதம் நடந்தது.

வழக்குமேசை:

உங்கள் வழக்கு நடந்த காலத்தில் குழப்பம் இருந்தது உண்மைதான். மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் கணவர் எடுத்துவந்த வழக்கில், அந்தரங்க உரிமையை மீறி எடுத்த ஆதாரம் ஏற்கத்தக்கதல்ல என்று 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. பிறகு 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம், பஞ்சாபில் இருந்து வந்த ஒரு வழக்கில், கணவன் மனைவி இடையிலான வழக்கில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடலை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. மின்னணு ஆதாரம் எதுவானாலும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்று இணைக்க வேண்டும். அடுத்தவர் கணக்கில் கடவுச்சொல் போட்டு நுழைவது, போனில் உளவு செயலி ஏற்றுவது இதெல்லாம் வேண்டாம், அதற்குத் தனியாக வழக்கு வரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், தினமும் யாராவது கேட்கிறார்கள். தகாத உறவுக்காக யாரையும் இப்போது சிறைக்கு அனுப்ப முடியாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அது இருந்த காலத்திலும் மனைவி புகார் கொடுக்க வழி கிடையாது.

பழைய பதிவேடு:

அம்மா, நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சட்டம் பற்றி வக்கீல் தம்பி சொல்லிவிட்டார். நான் ஒரே ஒரு வேலை சொல்கிறேன், இன்றைக்கே செய்யுங்கள்.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு இவ்வளவும் போட்டால் போதும். சர்வே எண் வீட்டு வரி ரசீதில் இருக்காது, பத்திர நகலில் கடைசிப் பக்கச் சொத்து விவரத்தில் இருக்கும். 2009 முதல் இன்றைய தேதி வரை போட்டுப் பாருங்கள். சமரசம் பேச வரும் ஆண்கள் அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் என்ன செய்வார்கள் என்பதை அந்த மேசையில் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தாய் பெயருக்கோ தம்பி பெயருக்கோ தான செட்டில்மென்ட். மனைவி வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பாள், இங்கே விரல்ரேகை வைத்துக்கொண்டிருப்பார்கள். சட்டப்படி எங்களால் தடுக்க முடியாது. அதை நினைத்து நான் பல நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன்.

நொய்யல்கரை:

எல்லாருக்கும் நன்றிங்க. ஐயா சொன்ன மறுநாளே பார்த்தேன். மகள்தான் போட்டுக் கொடுத்தாள். ஏழு வரி வந்தது. கடைசி வரியில், போன ஐப்பசி 14ஆம் தேதி, எங்கள் வீட்டை அவர் தன் அம்மாவுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். தீபாவளிக்கு அவர் எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்த வாரம் அது. மகள் திரையைப் பார்த்துவிட்டு "இது பாட்டி பேர்தானேம்மா" என்றாள். அவளுக்கு அதுவரைக்கும் நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

இனி என்ன வழி இருக்கிறது?

வழக்குமேசை:

வழி இருக்கிறது, பயப்பட வேண்டாம். முதல் விஷயம், வீட்டை விட்டு வெளியேறாதீர்கள். பத்திரம் மாமியார் பெயருக்கு மாறினாலும், நீங்கள் மருமகளாக வாழ்ந்த வீடு, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லும் 'பகிர்ந்து வாழ்ந்த வீடு'தான் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கே குடியிருக்கும் பாதுகாப்பைக் கேட்கலாம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 39ஆம் பிரிவை வைத்து, இலவசமாகக் கைமாறிய சொத்தின் மீதும் ஜீவனாம்ச உரிமையை வலியுறுத்திப் பார்க்கலாம். கைமாற்றிய தேதியே அவருடைய உள்நோக்கத்தைக் காட்டும். நடத்தை என்று 25ஆம் பிரிவு சொல்வதில் இதையும் சேர்த்து வாதாடுவேன். என்னைக் கேட்டால், நீதிமன்றத்தில் அவிநாசி வீட்டைவிட இந்தப் பத்திரம்தான் கனமாக நிற்கும்.

பரஸ்பர சம்மதத்துக்கு அவசரமே இல்லை. ஒரு வருஷம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு மனு, அதன்மேல் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017 தீர்ப்பு உண்டு. அவர் அவசரப்படுவது அவருடைய தேவைக்காக. எப்போது கையெழுத்துப் போட்டாலும் பிள்ளைகளின் ஜீவனாம்சத்தை நீங்கள் விட்டுக்கொடுத்ததாக எழுத விடாதீர்கள், அது பிள்ளைகளின் உரிமை. மகளுக்கு 18 முடிந்ததும் அப்பாவின் பொறுப்பு முடிந்துவிட்டது என்பார்கள். 1956ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத மணமாகாத மகளுக்கு அவர் ஜீவனாம்சம் தர வேண்டும், கல்யாணச் செலவும் அதில் அடங்கும். மாமனார் வழியில் பூர்வீக நிலம் இருந்தால், விவாகரத்துக்குப் பிறகு உங்களுக்கு அதில் வாரிசு உரிமை இராது. பிள்ளைகள் இருவருக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு, மகளுக்கும் சேர்த்துத்தான். அதையும் பேச்சில் கொண்டு வாருங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம்.

திருவானைக்கா மல்லி:

தங்கச்சி, 2009இல் நகை விற்ற சீட்டு ஏதாவது இருக்கிறதா? என்னிடம் இல்லாமல் போனது அதுதான். கல்யாண ஆல்பத்தையும் எடுத்து வை. கழுத்தில் என்ன போட்டிருந்தாய் என்று போட்டோவில் தெரியும். உன் அம்மா நகை வாங்கிய கடை பில் பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கும், அவர்கள் அதையெல்லாம் தூக்கிப் போட மாட்டார்கள். போய்க் கேள்.

நொய்யல்கரை:

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே அம்மாவிடம் இருந்தது. காங்கயத்தில் அம்மா வீட்டுப் பரண் மேல், தாத்தாவின் வெற்றிலைப் பெட்டிக்குள். வாங்கிய பில் மூன்று. ஆச்சரியம் என்னவென்றால், 2009இல் விற்றபோது கடைக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டும் அதிலேயே இருந்தது. பென்சிலில் எழுதியது, பாதி அழிந்துவிட்டது. பவுன் 32, கழிவு போக 3,68,000 என்பது மட்டும் தெரிகிறது. பின்பக்கம் அப்பாவின் கையெழுத்தில் "பாப்பாவின் இடத்துக்காக" என்று இருந்தது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்படி ஒன்றை எழுதி வைத்தார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்காரர் பெயரில் இடம் வாங்கியதை அப்பா மனசால் ஒத்துக்கொள்ளவில்லை போல.

திங்கட்கிழமை கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே இருந்த வக்கீலம்மா பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு மாதமும் அந்த வரி வரும் பக்கத்தில் தாள் சொருகிக் கொண்டு வரச் சொன்னார். நேற்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்தேன். பழைய காலண்டரைக் கிழித்து முப்பது துண்டு வெட்டிச் சொருகினேன். 30 மாதம், 2,85,000 ரூபாய். கூட்டி முடித்ததும் கால்குலேட்டரை மூடாமல் ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன். கூட்டலில் ஒரு ரூபாய்கூடத் தப்பவில்லை.

15 லட்சத்துக்கு இப்போதைக்குக் கையெழுத்து இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நாத்தனார் போன் செய்தார், எடுக்கவில்லை. அடுத்த வாய்தா தேதி வந்ததும் இங்கே வந்து எழுதுகிறேன்ங்க.